காலி செய்துபோனவரிடம் வாடகை பாக்கி: 555 புத்தகம் போதுமா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தாதி. பினாங்கு கெலுகோரில் எனக்கு ஒரு ஃபிளாட் வீடு உண்டு. 2024 மார்ச் 1ஆம் தேதி, கோயிலில் பழக்கமான ஒரு தம்பிக்கு மாதம் 1,100 வெள்ளி (ரிங்கிட்) வாடகைக்குக் கொடுத்தேன். ஒரு வருட அக்ரிமெண்ட். ஸ்டாம்ப் அடிக்கவில்லை. வருடம் முடிந்த பிறகு புது அக்ரிமெண்ட் போடாமல் வாய்ப்பேச்சிலேயே தொடர்ந்தார். 2025 மே முதல் செப்டம்பர் வரை ஐந்து மாத வாடகை நிற்கிறது. செப்டம்பர் கடைசி ஞாயிறு, விடிவதற்குள் லாரியில் சாமானை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். சாவி தபால் பெட்டியில் கிடந்தது. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார் என்பது மட்டும் தெரியும். என் கணக்குப்படி 14,575 வெள்ளி வரவேண்டும். டெபாசிட் 2,750 என்னிடம் இருக்கிறது, ஆனால் அக்ரிமெண்ட்படி அது எனக்குத்தான் சொந்தம். வக்கீல் வைத்தால் பாதி அவருக்கே போய்விடும் என்கிறான் மகன். போலீஸில் புகார் செய்யலாமா? பேஸ்புக்கில் அவர் படத்தையும் அவர் பிள்ளைகளின் பள்ளிப் பெயரையும் போடச் சொல்கிறார்கள், போடலாமா? விட்டுப்போன வாஷிங் மெஷினை விற்கலாமா? வாடகைக் கணக்கெல்லாம் 555 புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறேன். அதன் படங்களோடு, அக்ரிமெண்ட், என் கணக்கு, ரசீது, வங்கி அறிக்கை, வாட்ஸ்அப், வாஷிங் மெஷின் படமும் இணைத்துள்ளேன்.
ஒரு வாசகி, பினாங்கு

பதில்:

அம்மா, கடிதத்தைப் படிக்குமுன் அந்த 555 புத்தகப் படங்களைத்தான் பெரிதாக்கிப் பார்த்தேன். மளிகைக் கடையில் கடன் எழுதும் அதே குட்டிப் புத்தகம். என் அப்பாவும் அதில்தான் ஊர்க்கணக்கு எல்லாம் வைத்திருந்தார். உங்கள் கையெழுத்து அழகாக இருக்கிறது. மாதம், தேதி, தொகை, பக்கத்தில் ‘ரொக்கம்’ அல்லது ‘பேங்க்’. நான்காவது படத்தில், பால்காரர் கணக்குக்குக் கீழே, பென்சிலில் ஒரு வரி கிடக்கிறது: ‘ஜூலை 19, 300 கொடுத்தான்.’ கடிதத்தில் இந்த 300 வெள்ளியைக் காணோம். ஐந்து மாதத்துக்கு 5,500 என்று முழுசாக எழுதியிருக்கிறீர்கள்.

வேண்டுமென்றே மறைத்தீர்கள் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தத் தம்பி அந்த 300-ஐ மறந்திருக்க மாட்டார். நீதிமன்றத்தில் அவர் கைப்பேசியை நீட்டி, ‘இதோ, 300 கட்டினேன், கணக்கில் இல்லை’ என்றார் என்றால், அதற்கப்புறம் உங்கள் புத்தகத்தில் சரியாக இருக்கும் இருபது வரிகளையும் மாஜிஸ்திரேட் சந்தேகத்தோடுதான் பார்ப்பார். ஆகவே முதலில் கணக்கைச் சரிசெய்வோம். நோட்டீஸ், வழக்கு எல்லாம் அப்புறம்.

உங்கள் 14,575 எப்படி வந்தது என்று பிரித்துப் பார்த்தேன். வாடகை 5,500. மின்சாரம், தண்ணீர் 725. பெயிண்டும் பழுதுபார்ப்பும் 1,850. இரட்டை வாடகை என்று இன்னொரு 5,500. மன உளைச்சலுக்கும் அலைச்சலுக்கும் 1,000.

இரட்டை வாடகையை யாரோ சட்டம் தெரிந்தவர்தான் சொல்லியிருக்க வேண்டும், ஏனென்றால் அப்படி ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. 1956ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் 28ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. வாடகை உரிமை முடிந்த பிறகும் ஒருவர் வீட்டை விடாமல் உட்கார்ந்திருந்தால், வீட்டுக்காரர் விரும்பினால் இரண்டு மடங்கு கேட்கலாம். உங்கள் விஷயத்தில் உரிமை முடியவே இல்லையே? 2025 பிப்ரவரியோடு அக்ரிமெண்ட் முடிந்தது, சரி. ஆனால் மார்ச், ஏப்ரல் வாடகையை நீங்கள் வாங்கிக்கொண்டீர்கள். ‘காலி செய்’ என்று நோட்டீஸ் எதுவும் கொடுக்கவில்லை. அப்படியென்றால் அவர் மாதாமாதம் தொடரும் வாடகைக்காரர், அத்துமீறி உட்கார்ந்தவர் இல்லை. இரட்டை வாடகையை அடித்துவிடுங்கள்.

மன உளைச்சலையும் அடித்துவிடுங்கள். உளைச்சல் உண்மைதான், ஆனால் வாடகை பாக்கி வழக்கில் அதற்கு விலை போடமாட்டார்கள்.

பெயிண்ட் 1,370. பதினெட்டு, பத்தொன்பது மாதம் ஒரு குடும்பம் இருந்த வீட்டில் சுவர் அழுக்காவது வழக்கமான தேய்மானம். சுவரில் ஓட்டை போட்டார், கதவை உடைத்தார் என்றால் வேறு. அவர் வீட்டுக்குள் வந்த அன்று சுவர் எப்படி இருந்தது என்பதற்கு உங்களிடம் ஒரு படமும் இல்லை. அடுத்து வருபவருக்குச் சாவி கொடுக்கும் அன்றைக்கு, அவரையும் பக்கத்தில் நிறுத்தி, கைப்பேசியில் அறை அறையாக வீடியோ எடுத்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை. இந்த முறை சிங்க் குழாய்க்கும் குளியலறைக் கதவுப் பூட்டுக்கும் ஆன 480 வெள்ளிக்கு மட்டும் கடை ரசீது இருக்கிறது. அதை மட்டும் வைத்துக்கொள்வோம்.

மின்சாரம், தண்ணீர் 725 சரியானது. பில் உங்கள் பெயரில் வந்தது, நீங்கள் கட்டினீர்கள், ரசீது இருக்கிறது.

அப்புறம் டெபாசிட். ‘அக்ரிமெண்ட்படி எனக்கே சொந்தம்’ என்ற வரியை மகனிடமும் காட்டுங்கள். வாடகைக்காரர் மீறினால் டெபாசிட் பறிமுதல் என்று நம் ஊரில் அநேகமாக எல்லா அக்ரிமெண்டிலும் எழுதியிருக்கும். 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 75ஆம் பிரிவு கொடுப்பது நியாயமான இழப்பீடு. அந்த டெபாசிட்டையும் பையில் போட்டுக்கொண்டு, அதே இழப்பை மறுபடி முழுசாகக் கேட்பது நியாயமானதாக ஆகாது. டெபாசிட்டைப் பாக்கியில் கழித்துவிட்டுத்தான் மீதியைக் கேட்க வேண்டும். அதை நீங்களே முன்வந்து கழித்துக் காட்டினால், அவர் ‘என் டெபாசிட்டை அமுக்கிவிட்டார்கள்’ என்று எதிர்க் கோரிக்கை போட வழியே இருக்காது.

இப்போது கூட்டுங்கள். வாடகை 5,500-இல் 300 போக 5,200. மின்சாரம், தண்ணீர் 725. பழுது 480. ஆக 6,405. அதில் 2,750 டெபாசிட் கழித்தால் 3,655 வெள்ளி.

14,575 எங்கே, 3,655 எங்கே என்று உங்களுக்குக் கோபம் வரும். கொஞ்சம் பொறுங்கள். இந்தச் சின்னத் தொகையில் ஒரு பெரிய சௌகரியம் இருக்கிறது. 14,575 கேட்டால் சாதாரண சிவில் வழக்கு. மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் ஒரு லட்சம் ரிங்கிட் வரை அப்படிப் போடலாம், ஆனால் அதற்கு எங்களைப் போன்ற வக்கீல்கள் வேண்டியிருக்கும். மகன் பயப்படுவது போல நடக்கத்தான் செய்யும். 5,000 ரிங்கிட்டுக்குள் அடங்கும் கோரிக்கைக்கு, அதே மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில், சிறு கோரிக்கை என்று தனி வழி இருக்கிறது. மலாயில் ‘துந்துத்தான் கெச்சில்’ என்பார்கள். 2012ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளின் 93ஆம் ஆணை. தனி ஆள்தான் வாதியாக இருக்க முடியும், கம்பெனி போட முடியாது. வக்கீல் வைத்துக்கொள்ளக் கூடாது. நீங்களே நின்று பேச வேண்டும். என் தொழிலை எனக்கே வேண்டாம் என்று சொல்ல வைக்கும் விதி, ஆனால் நல்ல விதி.

அதற்குப் போகுமுன் இரண்டு காகித வேலை.

முதலாவது, அந்த அக்ரிமெண்டுக்கு ஸ்டாம்ப். முத்திரை வரி கட்டாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சாட்சியாக ஏற்காது, 1949ஆம் ஆண்டு முத்திரைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. ஆனால் தாமதமாகவும் கட்டலாம். கணக்கு இதுதான்: வருட வாடகை 13,200. 2024இல் போட்ட ஒப்பந்தம் என்பதால் அதில் முதல் 2,400-க்கு விலக்கு. மீதி 10,800. ஒவ்வொரு 250-க்கும், அல்லது அதில் ஒரு பங்குக்கும், ஒரு வெள்ளி. 44 வெள்ளி. இவ்வளவு தாமதம் என்பதால் தண்டம் 100 வெள்ளி, அல்லது வரியில் 20 விழுக்காடு, எது அதிகமோ அது. உங்களுக்கு 100 வரும். காரணம் எழுதிக் கேட்டால் குறைத்துக் கொடுக்கவும் வருமான வாரியத்துக்கு அதிகாரம் இருக்கிறது, கேட்டுப் பாருங்கள். 2024 மார்ச்சிலேயே 44 வெள்ளியோடு முடிந்திருக்க வேண்டிய வேலை. ஏஜெண்ட் இல்லாமல் தெரிந்தவருக்கு வீடு விடுபவர்களில் பாதிப் பேர் செய்யும் தவறு இது. இதற்காக நான் கண்டிக்கப் போவதில்லை, கண்டிப்பதற்கு 300 வெள்ளி விஷயம் ஏற்கனவே இருக்கிறது.

அக்ரிமெண்ட் பிப்ரவரியோடு முடிந்ததே, மே மாத வாடகைக்கு அது எப்படி உதவும் என்று அவர் கேட்கலாம். மார்ச்சிலும் ஏப்ரலிலும் அதே 1,100 உங்கள் வங்கிக் கணக்குக்கு வந்திருக்கிறது. அதே வீடு, அதே ஆள், அதே தொகை. பழைய நிபந்தனைகளோடு மாதாமாதம் தொடர்ந்தது என்பதற்கு இதுவே சான்று. அந்த இரண்டு மாத வங்கி அறிக்கையைக் கட்டாயம் எடுத்து வையுங்கள். 555 புத்தகத்தையும் கொண்டு போங்கள். நடந்தபோதே எழுதிய கணக்கு என்பதால் அதற்கு மதிப்பு உண்டு. ஆனால் நீங்கள் எழுதியதை நீங்களே காட்டுகிறீர்கள் என்பதால், அது தனியாக நிற்காது. வங்கி அறிக்கையும் வாட்ஸ்அப்பும் பக்கத்தில் நிற்க வேண்டும். புத்தகத்தில் இப்போது எதையும் திருத்தாதீர்கள், பென்சில் வரியை மையால் எழுதாதீர்கள். இருக்கிறபடியே இருக்கட்டும்.

வாட்ஸ்அப்பில் ஆகஸ்டு 4ஆம் தேதி அவர் அனுப்பியது, உங்கள் கையில் இருப்பதிலேயே உறுதியான சாட்சி: ‘அக்கா கோவிச்சிக்காதீங்க, மூணு மாசம் நிக்குதுன்னு தெரியும், போனஸ் வந்ததும் சேத்து தரேன்.’ பாக்கி இருப்பதை அவரே ஒப்புக்கொண்டுவிட்டார். அவர் எண்ணும் தேதியும் தெரியும்படி அச்செடுங்கள். தமிழில் இருப்பதால் கீழே மலாய் மொழிபெயர்ப்பும் வேண்டும், நீதிமன்றத்தின் மொழி அது. அதுவரை கைப்பேசியை மாற்றாதீர்கள். மாற்றினாலும் பழையதை பேரனுக்கு விளையாடக் கொடுக்காதீர்கள்.

இரண்டாவது காகிதம், நோட்டீஸ். வக்கீல் கடிதம்தான் வேண்டும் என்றில்லை. நீங்களே ஒரு பக்கத்தில் எழுதலாம், மலாயில் எழுதினால் பிறகு அப்படியே நீதிமன்றத்தில் காட்டலாம். உள்ளடக்கம் இவ்வளவுதான்: ‘இன்ன முகவரியில் உள்ள வீட்டில் நீங்கள் வாடகைக்கு இருந்தீர்கள். 2025 மே முதல் செப்டம்பர் வரை வாடகை 5,500, அதில் ஜூலை 19 அன்று 300 பெற்றேன். மின்சாரம், தண்ணீர் 725, பழுது 480, ரசீதுகள் இணைப்பில். உங்கள் டெபாசிட் 2,750 கழித்தது போக 3,655 ரிங்கிட். இந்தக் கடிதத் தேதியிலிருந்து 14 நாளுக்குள் இன்ன வங்கிக் கணக்கில் செலுத்தவும். தவறினால் நீதிமன்றத்தில் கோரிக்கை பதிவு செய்வேன்.’ கீழே கையெழுத்து. கோபம் வேண்டாம், ‘நம்பிக்கைத் துரோகம்’ வேண்டாம், சாமி சத்தியம் வேண்டாம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். இணையத்தில் கிடைக்கும் மாதிரிக் கடிதங்களின் தலையில் ‘வித்தவுட் பிரெஜுடிஸ்’ என்று தடித்த எழுத்தில் இருக்கும். பார்க்கச் சட்டப்படி இருக்கிறதே என்று எல்லோரும் அப்படியே நகல் எடுத்துவிடுவார்கள். அந்த வார்த்தை சமரசப் பேச்சுக்கானது. சமரசத்துக்காக அப்படி எழுதியதைப் பிறகு நீதிமன்றத்தில் காட்ட முடியாது. நோட்டீஸைக் காட்டத்தானே எழுதுகிறீர்கள்? அதில் இந்த வார்த்தையைப் போட்டுக்கொண்டு ஏன் வம்பை இழுக்க வேண்டும்? ‘2,800 கொடுத்தால் முடித்துக்கொள்கிறேன்’ என்று பிறகு எழுதினால், அந்தக் கடிதத்தின் தலையில் போடுங்கள். அதற்குத்தான் அது.

பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள். எங்கே அனுப்புவது? இந்த இடத்தில்தான் நீங்கள் அவசரப்பட வேண்டும். கணக்கு தவறினால் திருத்தலாம், ஸ்டாம்ப் தாமதமானால் தண்டம் கட்டலாம், ஆள் இருக்கும் இடம் தெரியாமல் போனால் ஒன்றும் செய்ய முடியாது. சட்டம் உங்களுக்குக் காலம் தாராளமாகத்தான் கொடுத்திருக்கிறது. 1953ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டப்படி தீபகற்பத்தில் வாடகை பாக்கிக்கு ஆறு வருடம். ஒவ்வொரு மாத வாடகைக்கும் அது விழுந்த தேதியிலிருந்து தனித்தனியாக ஓடும், ஆகவே உங்கள் மே மாத வாடகைக்கு 2031 மே வரை இருக்கிறது. இதைக் கேட்டுவிட்டு ‘அப்படியா, நிதானமாகப் பார்ப்போம்’ என்று இருந்தவர்கள் என்னிடம் நாலாவது வருடம் வருவார்கள். அதற்குள் அவர் தொழிற்சாலை மாறி, ஜொகூர் போய், எண்ணையும் மாற்றியிருப்பார். இன்றைக்கு அவர் பாயான் லெப்பாஸில் வேலை செய்கிறார் என்பது தெரிகிறது. அது உங்கள் கையில் உள்ள சொத்து.

அக்ரிமெண்டோடு அவர் ஐ.சி. (அடையாள அட்டை) நகல் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் அதில் உள்ள முகவரி, அனேகமாக அப்பா அம்மா வீடாக இருக்கும், அங்கே ஒரு பிரதி. இப்போது இருக்கும் வீடு தெரிந்தால் அங்கே ஒன்று. அதே கடிதத்தின் படம் வாட்ஸ்அப்பிலும். வேலையிடத்துக்கு மட்டும் வேண்டாம், சக ஊழியர்கள் முன்னால் அவமானப்படுத்த அனுப்பினீர்கள் என்று திருப்புவார். பெயரை ஐ.சி.யில் உள்ளபடியே எழுதுங்கள். கோயிலில் எல்லோரும் கூப்பிடும் பெயர் உதவாது. தகப்பன் பெயர், ஐ.சி. எண் எல்லாம் வேண்டும். இன்னொன்று, வாடகையைப் பல மாதம் அவர் மனைவிதான் பேங்கில் போட்டிருக்கிறார். அதற்காக மனைவியைச் சேர்க்காதீர்கள், அக்ரிமெண்டில் கையெழுத்துப் போட்டது அவர் மட்டும்தான்.

14 நாள் போயிற்று, பதில் இல்லை. அப்போது லெபோ லைட்டில் உள்ள நீதிமன்ற வளாகத்துக்குப் போங்கள். வீடு கெலுகோரில் இருப்பதால் இங்கேயே போடலாம், அவர் எங்கே குடிபோயிருந்தாலும் சரி. எதிரே சாலையோரத்தில் வெள்ளையாக ஒரு நினைவுச் சின்னம் நிற்கும், 1869இல் இறந்த லோகன் என்ற வக்கீலுக்கு ஊர் மக்கள் எழுப்பியது. வக்கீலுக்கு மக்கள் நினைவுச் சின்னம் வைத்த காலமும் ஒன்று இருந்திருக்கிறது. சரி, கௌண்டரில் ‘போராங் 198’ என்று கேளுங்கள். அதுதான் உங்கள் கோரிக்கைப் படிவம். யார், யார் மேல், எவ்வளவு, ஏன் என்று மலாயில் எழுத வேண்டும். ‘ஏன்’ என்ற இடத்தில் நோட்டீஸில் உள்ள அதே நாலு வரி போதும். முத்திரையிட்டுத் தந்த பிறகு அதை அவரிடம் சேர்ப்பது உங்கள் பொறுப்பு, நேரிலோ பதிவுத் தபாலிலோ. அவர் மறுப்பதென்றால் 14 நாளுக்குள் ‘போராங் 199’இல் பதில் போட வேண்டும்.

அன்றைக்கு என்ன நடக்கும் என்று மகன் பயமுறுத்தியிருப்பார். நாடகத்தில் வருவது போல் குறுக்கு விசாரணை எல்லாம் இருக்காது. அவர் வராமலே இருந்தால், படிவம் அவரிடம் சேர்ந்ததற்கான ஒப்புகை அட்டை உங்கள் கையில் இருந்தால், பெரும்பாலும் உங்கள் பக்கமே தீர்ப்பு. வந்தால், மாஜிஸ்திரேட் முதலில் இரண்டு பேரையும் சமரசமாக முடிக்கத்தான் பார்ப்பார். அதை அலட்சியமாக நினைக்காதீர்கள். நான் பார்த்த சிறு கோரிக்கைகளில் பணம் உண்மையில் கைக்கு வந்தது அநேகமாக இந்த இடத்தில்தான். மாதம் 300 வீதம் பன்னிரண்டு மாதம், கடைசியில் ஒரு 55 என்று அவர் ஒத்துக்கொண்டால், ஒத்துக்கொள்ளுங்கள். ஆனால் நடைபாதையில் கைகுலுக்கி முடிக்காதீர்கள். சம்மதத் தீர்ப்பாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள், ஒரு தவணை தவறினாலும் மீதி முழுவதும் உடனே செலுத்த வேண்டும் என்ற வரியோடு. ‘போனஸ் வந்ததும் தரேன்’ என்ற வாக்குறுதி உங்களிடம் ஏற்கனவே ஒன்று இருக்கிறது, இன்னொன்று எதற்கு?

தீர்ப்பு வாங்கியும் கட்டவில்லை என்றால்? தீர்ப்பு தானாகப் பணமாகாது, இதைப் பல பேருக்குத் தீர்ப்பு வந்த பிறகுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. வழிகள் உண்டு. அவர் சாமானைப் பறிமுதல் செய்து விற்க உத்தரவு கேட்கலாம். சம்பளக்காரர் என்பதால் உங்களுக்குப் பொருந்துவது இன்னொன்று: கடனாளிச் சட்டத்தின் கீழ் சம்மன். நீதிமன்றத்தில் நின்று, என்ன சம்பளம், என்ன செலவு, எவ்வளவு கட்ட முடியும் என்று அவர் பதில் சொல்ல வேண்டும், அதை வைத்துத் தவணை போடுவார்கள். அந்த உத்தரவையும் மீறினால் அவருக்கு நிலைமை மோசமாகும். தீர்ப்புத் தொகைக்கு வருடத்துக்கு 5 விழுக்காடு வட்டியும் ஓடும். தீர்ப்பு பன்னிரண்டு வருடம் உயிரோடு இருக்கும். அவர் இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) பணத்தை மட்டும் தொட முடியாது. ‘திவாலாக்கிவிடுவேன்’ என்று மிரட்டவும் வேண்டாம், அதற்குக் கடன் ஒரு லட்சம் ரிங்கிட் இருக்க வேண்டும், 3,655-ஐ வைத்துக்கொண்டு சொன்னால் விஷயம் தெரிந்தவர் சிரிப்பார்.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக. போலீஸுக்குப் போனால் ‘கேஸ் சிவில், மக்சிக்’ (இது சிவில் வழக்கு, அம்மா) என்று அனுப்பிவிடுவார்கள், அவர்கள் சொல்வது சரிதான். வாடகை தராமல் போனது குற்றமல்ல, கடன். பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகச் சொல்பவர்களும் இருப்பார்கள். அது பொருள், சேவை வாங்கியவர் விற்றவர் மேல் போடும் இடம், வீட்டுக்காரருக்கு அங்கே வேலை இல்லை. டிஸ்ட்ரெஸ் வாரண்ட் என்று ஒன்றும் காதில் விழலாம், பாக்கி வைத்தவர் வீட்டுக்குள் இருக்கும்போதே அவர் சாமானை முடக்கும் வழி. ஆள் போய்விட்டார், உங்களுக்கு அந்தக் கதவு மூடிவிட்டது.

பேஸ்புக்கில் படம் போடவே கூடாது. கோயில் வாட்ஸ்அப் குழுவிலும் கூடாது. ‘ஏமாற்றுக்காரன்’ என்ற ஒரு வார்த்தைக்கு அவர் உங்கள் மேல் அவதூறு வழக்கு போட்டால், அந்தத் தொகை உங்கள் 3,655-ஐ விழுங்கிவிடும். பிள்ளைகள் படிக்கும் பள்ளி பெயரையும் சேர்த்துப் போடச் சொன்னார்களாமே. யார் சொன்னாலும் கேட்காதீர்கள். வசூல் பண்ணித் தருகிறோம் என்று வரும் ஆட்களுக்கும் அதே பதில்தான். அவர்கள் அவர் வீட்டுக் கதவில் சிவப்புப் பெயிண்ட் அடித்தால் போலீஸ் தேடி வருவது உங்களை.

கடைசியாக வாஷிங் மெஷின். அது இன்னும் அவருடைய பொருள். உங்களுக்குக் கடன் பட்டிருக்கிறார் என்பதால் அது உங்களுடையதாகிவிடாது. விற்றுவிட்டீர்கள் என்றால், அது புதுசு, 1,500 வெள்ளிக்கு வாங்கியது என்று சொல்லி உங்கள் 3,655-இல் கழிக்கப் பார்ப்பார். படத்தில் பார்த்தால் மூடி உடைந்து, ஓரத்தில் துரு ஏறியிருக்கிறது. அந்தத் துருவோடு, இன்றைய தேதியோடு நாலு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். நோட்டீஸில் ஒரு வரி சேருங்கள்: ‘நீங்கள் விட்டுச்சென்ற வாஷிங் மெஷினை இதே 14 நாளுக்குள் முன்கூட்டிச் சொல்லிவிட்டு வந்து எடுத்துக்கொள்ளவும்.’ வந்தால் கொடுத்துவிட்டு, பெற்றுக்கொண்டேன் என்று அந்த 555 புத்தகத்திலேயே கையெழுத்து வாங்குங்கள். வராவிட்டால் பின்பக்க வராந்தாவில் மூடி வைத்துவிட்டு, நீதிமன்றத்துக்குப் போகும் நாளில் மாஜிஸ்திரேட் முன்னிலையிலேயே அவரைக் கேளுங்கள், எடுத்துக்கொள்கிறாயா, இல்லை வேண்டாம் என்று எழுதித் தருகிறாயா என்று.